கூலிங் கிளாஸ்: பெரியப்பா கட்சியா, பையன் கட்சியா?

வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் 'வெயில் கண்ணாடி'. நம்ம ஊரில்தான் அது கூலிங் கிளாஸ்! அதற்குள் ஏ.ஸி. எதுவும் கிடையாது. கத்திரி வெயிலில் மாட்டிக்கொண்டு நாலு தெரு நடந்தால் மூக்கு வியர்த்து, கண்ணாடி வழுக்கி உதட்டுக்கே வந்துவிடும். இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது.

கறுப்புக் கண்ணாடிக்குத் தமிழ்நாட்டில் இருக்கிற மவுசு சாதாரணமானதா? எம்.ஜி.ஆர்., கருணாநிதி என்று எதிரும் புதிருமாக அரசியல் செய்த இரண்டு முதலமைச்சர்களுக்கும் பொதுவாக இருந்த பொருள் அது. ரஜினி அதைச் சுழற்றி மாட்டினால் தியேட்டரில் விசில். 'மெட்ராஸ் ஐ' சீசன் வந்தால் தெருவில் பாதிப் பேர் ஹீரோ. (கண்ணைப் பார்த்தாலே மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொள்ளும் என்பது சும்மா. கண்ணைத் தொட்ட கை, டவல், தலையணை... இவைதான் வழி!)

இத்தனை மவுசு உள்ள சாமானில் பழசு உசத்தியா, புதுசு உசத்தியா? போன கோடையில் எங்கள் திருச்சி வீட்டில் இதற்காக ஒரு பட்டிமன்றமே நடந்தது. பழமை அணித் தலைவர், எண்பதைத் தாண்டிய என் பெரியப்பா. புதுமை அணித் தலைவர், கல்லூரியில் படிக்கும் என் பையன். நடுவர், வேறு வழியில்லாமல் நான்.

பெரியப்பா கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். 1984-ல் சிங்கப்பூரில் இறங்கியபோது வாங்கிய ரேபான் அவரிடம் இருக்கிறது. கண்ணீர்த்துளி வடிவத்தில் இருக்குமே, அந்த 'ஏவியேட்டர்' மாடல். பீரோவில் பெரியம்மாவின் பட்டுப் புடவைக்கு மேல் தட்டில் அதற்கு இடம். பையன் வைத்திருப்பதும் அதே வடிவம்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் வாங்கியது, பிளாஸ்டிக் லென்ஸ்.

"எடைக்கு எடை வச்சுப் பாருடா. உன்னோடது அப்பளம்!" என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

"வெயிட்டா இருந்தா உசத்தியா தாத்தா? அப்போ அம்மிக்கல்லை மாட்டிக்க வேண்டியதுதானே!" என்றான் பையன்.

நடுவர் சும்மா தீர்ப்புச் சொல்ல முடியுமா? கொஞ்சம் படித்தேன். ருசிகரமான கதை!

தங்கம் இருந்த காலம்

ரேபானைப் பெற்றெடுத்தது அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து 'பாஷ் அண்ட் லாம்ப்' கம்பெனி. 1853-ல் தொடங்கிய மூக்குக் கண்ணாடி வியாபாரம். முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து லென்ஸ் கண்ணாடி வருவது நின்றுபோக, அந்தக் கண்ணாடியைத் தாங்களே உருக்க ஆரம்பித்தவர்கள். 1937-ல் ரேபான் கடைக்கு வந்தது. மேலே பறக்கும் விமானிகளுக்குக் கண் கூசக்கூடாது என்பதுதான் நோக்கம். விமானி குனிந்து மீட்டரைப் பார்க்கும்போதும் கண் முழுக்க மறையவேண்டும் என்பதால்தான் லென்ஸ் கீழே இறங்கிக் கண்ணீர்த்துளி மாதிரி இருக்கிறது. ஸ்டைல் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

1953-ல் 'ஜி-15' என்ற பச்சை கலந்த சாம்பல் நிற லென்ஸ் வந்தது. 15 என்றால் 15 சதவிகித வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் என்று அர்த்தம். இந்த நிறம் மேலே பூசிய சாயம் இல்லை. கண்ணாடி உருகும்போதே உலோக ஆக்ஸைடுகளைக் கலந்துவிடுவார்கள். மைசூர்பாகில் நெய் மாதிரி, உள்ளே வெளியே எல்லாம் ஒன்றுதான்! அதனால்தான் நாற்பது வருஷம் கழித்தும் பெரியப்பாவின் லென்ஸ் வெளுக்கவில்லை.

ஃபிரேம் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அந்தக் கால ஏவியேட்டரில் 'பத்தில் ஒரு பங்கு, 12 காரட்' என்று முத்திரை இருக்கும். உலோகத்தின் மேல் தங்கக் கலவைத் தகட்டைச் சூட்டிலும் அழுத்தத்திலும் போர்த்தியிருக்கிறார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு அந்தத் தகடு. 12 காரட் என்றால் அதிலும் பாதிதான் சொக்கத் தங்கம். ஆக, ஃபிரேமின் எடையில் இருபதில் ஒரு பங்கு தங்கம்! இதை நான் சொன்னதும் பெரியம்மா காதைத் தீட்டிக்கொண்டார்.

"நாப்பது வருஷமா இதைச் சொல்லவே இல்லையே! தோடு அடகுல இருந்தப்பக்கூட வாயைத் திறக்கலையே இந்த மனுஷன்!"

இன்றைய சாதாரண மாடல்களில் இருப்பது தங்க நிறம், மெல்லிய முலாம். தங்கத் தகடு போர்த்தியதற்கும் இதற்கும், நல்ல நகைக்கும் கவரிங்குக்கும் உள்ள தூரம்.

1999-ல் ரேபான் கைமாறியது. இத்தாலியின் லக்ஸாட்டிகா கம்பெனி 64 கோடி டாலருக்கு வாங்கியது. பெரியப்பாவின் லென்ஸ் ஓரத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழையாக 'பி எல்' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். அது பாஷ் அண்ட் லாம்ப்பின் கைநாட்டு. லக்ஸாட்டிகா காலத்ததில் 'ஆர் பி' என்று இருக்கும். பழசைத் தேடிச் சேர்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். (போலிகளிலும் இதைப் பொறிக்கிறார்கள் என்பது வேறு சோகம்!)

முதல் சுற்றில் பழமை அணிக்கு அமோக வெற்றி. பெரியப்பா மீசையை முறுக்கினார்.

பையனின் பதிலடி

"தாத்தா, அது கீழே விழுந்தா என்ன ஆகும்?"

பெரியப்பாவின் மீசையிலிருந்து கை இறங்கியது.

நியாயமான கேள்வி. கண்ணாடி என்ன இருந்தாலும் கண்ணாடி. உடைந்தால் சில்லு, சில்லு சிதறும் இடம் கண். 1972-லிருந்து அமெரிக்காவில் ஒரு சட்டம். லென்ஸின் மேல் 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கோலிக்குண்டு அளவு எஃகு உருண்டையைப் போடவேண்டும், உடையக்கூடாது. கண்ணாடி லென்ஸைச் சூடேற்றியோ ரசாயனத்தில் ஊறவைத்தோ பதப்படுத்திப் பாஸ் பண்ண வைத்தார்கள். ஆனால் இன்றைய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு இந்தப் பரீட்சை பிள்ளை விளையாட்டு. விண்வெளி வீரர்களின் ஹெல்மெட் முகப்பே அதில்தான் செய்கிறார்கள். பைக் ஓட்டுகிறவன், கிரிக்கெட் ஆடுகிறவன் முகத்தில் எது இருப்பது நல்லது என்று நான் சொல்லத் தேவையில்லை.

எடையும் அப்படியே. அதே அளவு கண்ணாடி, பாலிகார்பனேட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். பெரியப்பாவின் மூக்கில் இரண்டு பக்கமும் இருக்கிற தழும்பு, மூக்குக் கண்ணாடி தந்த நிரந்தரப் பரிசு!

பாலிகார்பனேட்டுக்கும் ஒரு வீக்னஸ் உண்டு. சுலபமாகக் கீறல் விழும். மேலே கெட்டியான பூச்சுப் போட்டுத்தான் விற்கிறார்கள். பையனின் ஆறு மாதக் கண்ணாடியில் இப்போதே நாலு கோடு. சட்டைப் பையில் சாவியோடு போட்டால் வேறென்ன ஆகும்? தவிர, காட்சியின் துல்லியத்தில் நல்ல கண்ணாடி லென்ஸ் இன்றும் ராஜா. (இன்றும் சில மாடல்கள் கண்ணாடி லென்ஸோடு வருகின்றன.)

இரண்டாம் சுற்று புதுமை அணிக்கு.

இங்கே நடுவர் ஒரு விஷயத்தைக் குறுக்கே சொல்லவேண்டும். 1984-ல் வாங்கிய எல்லாக் கண்ணாடியுமா இன்று பீரோவில் இருக்கிறது? அந்தக் காலத்துத் தேர்த் திருவிழாவில் எலாஸ்டிக் கட்டிய சிவப்பு, பச்சைக் காகிதக் கண்ணாடி விற்றார்களே, தேர் நிலைக்கு வருவதற்குள் கிழிந்துபோகுமே! அதெல்லாம் எங்கே? குப்பைக்குப் போய் எத்தனையோ வருஷமாச்சு. நல்லது மட்டும் தங்கி நிற்பதால் 'அந்தக் காலத்தில் எல்லாமே நல்லது' என்று நமக்குத் தோன்றுகிறது. பெரியப்பா சிங்கப்பூரில் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கியதையும், இன்று பிளாட்பாரத்தில் கிடைப்பதையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் அது பட்டிமன்றம் இல்லை, பாரபட்சம்!

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது சுற்று

மூக்கில் கனக்கிறதா, ஃபிரேமில் தங்கம் இருக்கிறதா என்பதெல்லாம் நமக்குத் தெரிகிற விஷயம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறதே, புற ஊதாக் கதிர்! அதைத் தடுக்கிறதா என்பதுதான் கூலிங் கிளாஸின் நிஜமான பரீட்சை. வருஷக் கணக்காக அந்தக் கதிர் பட்டால் கண்புரைக்கு வழி. கருவிழி மேல் சதை வளருகிற தொல்லையும் வரும். வெயிலில் வேலை பார்க்கிற விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் அது அதிகம் வருவது இதனால்தான்.

எனக்குத் தெரிந்த கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரிடம் இதை அளக்கிற சின்ன மெஷின் இருந்தது. மூன்று பேரும் கிளம்பினோம். விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையும் அவள் ஏழு வயது மகளும் சேர்ந்துகொண்டார்கள். குட்டியின் முகத்தில் ரோஸ் கலர் ஃபிரேமும் கன்னங்கரேல் லென்ஸுமாக ஒரு பொம்மைக் கண்ணாடி. கோயில் வாசல் கடையில் வாங்கியது.

பெரியப்பாவின் ரேபானை மெஷினில் வைத்தார். கதிர் உள்ளே போகவில்லை. முள் பூஜ்யத்தில் நின்றது. "பாத்தியா!" என்றார் பெரியப்பா.

பையனுடையதும் பூஜ்யம். "பாத்தீங்களா!" என்றான் பையன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே மேஜை டிராயரிலிருந்து நிறமே இல்லாத, பளிங்கு மாதிரியான ஒரு பாலிகார்பனேட் லென்ஸை எடுத்து வைத்தார். அதுவும் பூஜ்யம்! இரண்டு அணித் தலைவர்களும் வாயடைத்துப் போனார்கள்.

"மாமா, என்னோடது?" என்று குட்டி தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

வைத்தார். முள் எகிறியது. பாதிக்கு மேல் கதிர் சர்வ சாதாரணமாக உள்ளே போனது.

"எல்லாத்தையும்விட கறுப்பா இருக்கு, இது எப்படிங்க?" என்றாள் தங்கை.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். "கறுப்பு வேற, பாதுகாப்பு வேறம்மா. வெறும் சாயம் போட்ட மட்டமான பிளாஸ்டிக் இது. இருட்டுல நம்ம கண்ணு பாப்பா பெரிசா விரியும். இதைப் போட்டா வெளிச்சம் குறையுதேன்னு கண்ணு விரிஞ்சுக்கும். தடுப்புதான் இல்லையே, விரிஞ்ச கண்ணுக்குள்ள கதிர் தாராளமாப் போகும். கண்ணாடியே போடாம இருந்தா, கண்ணாவது சுருங்கியிருக்கும். அதுவும் குழந்தைங்க கண்ணு ரொம்பத் தெளிவு. பெரியவங்களைவிட அதிகமா உள்ள விட்டுடும்."

தங்கை அந்த ரோஸ் கண்ணாடியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள். குட்டி உதட்டைப் பிதுக்கியது. இதோ அழப்போகிறது என்று நான் நினைத்த விநாடியில் பெரியப்பா முன்னால் வந்தார்.

"ஏம்ப்பா, குழந்தைக்குத் தக்கன நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு. காசு நான் தர்றேன்."

"கண்ணாடி லென்ஸா, பிளாஸ்டிக்கா சார்?"

பெரியப்பா பையனை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிளாஸ்டிக்கே குடு. ஓடி ஆடி விழுந்து எழுந்திரிக்கிற குழந்தை."

நடுவர் தீர்ப்பு

செய்நேர்த்திக்குப் பழசு, அடி தாங்குவதற்குப் புதுசு. ஆனால் கண்ணைக் காப்பதில் பழசு, புதுசு, விலை, கனம், கறுப்பு எதுவும் சாட்சி சொல்லாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். விலை குறைந்த கண்ணாடியிலும் நல்லது இருக்கிறது. பெரிய விலை என்பதற்காக இரண்டு மடங்கு பாதுகாப்பு கிடைத்துவிடாது. பூஜ்யத்துக்குக் கீழே இன்னொரு பூஜ்யம் கிடையாது!

வாங்கும்போது நீங்கள் செய்யக்கூடியவை சில.

'யு.வி. 400' என்று இருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால், மெஷின் இருக்கிற கடையில் ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். பீரோவில் இருக்கிற தாத்தா காலத்துக் கண்ணாடிக்கும் இதே பரீட்சை வையுங்கள்.

கண்ணாடியைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்து, அதன் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி மெதுவாக அசையுங்கள். கம்பி பாம்பாக நெளிந்தால் லென்ஸ் மட்டம். தலைவலிக்கு அட்வான்ஸ் புக்கிங்!

'போலரைஸ்டு' என்று சொல்லி விற்றால், அதைச் செல்போன் திரைக்கு முன் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டால் நிஜம். ரோட்டிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கிற கூச்சத்தை அது குறைக்கும். புற ஊதாக் கதிர் வேறு சமாச்சாரம். அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஐரோப்பியத் தர முறையில் கறுப்புக்கு 0 முதல் 4 வரை நம்பர் உண்டு. நம்ம வெயிலுக்கு 3 போதும். 8-லிருந்து 18 சதவிகித வெளிச்சம் உள்ளே வரும். 4-ஆம் நம்பரைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. ராத்திரியில் எந்த நம்பரும் கூடாது, நீங்கள் ஹீரோவாகவே இருந்தாலும்!

பெரியம்மா மட்டும் இன்னும் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. தங்கம் விற்கிற விலைக்கு, அந்த ஃபிரேமை ஒருதரம் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானமாக இருக்கிறார். பெரியப்பா இப்போதெல்லாம் தூங்கும்போதுகூடக் கூலிங் கிளாஸோடுதான் தூங்குகிறார்.