மாதவிலக்கும் மாத்திரையும்

பதினேழு வயது மகளுக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. டாக்டரிடம் காட்டுகிறோம். அவர் எழுதிய சீட்டை லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக் கடையில் நீட்டினால், கையில் கிடைப்பது கர்ப்பத்தடை மாத்திரை! தாய்க்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "கல்யாணமாகாத பெண்ணுக்கு இதையா கொடுப்பார்கள்? நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?" என்று அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. வைத்தியமும் அத்தோடு நின்றுவிடுகிறது.

சகோதரிகளே, இதில் வெட்கப்பட ஏதுமில்லை. இந்த வகை மாத்திரை முதலில் விற்பனைக்கு வந்ததே மாதவிலக்குக் கோளாறுக்கான மருந்தாகத்தான். அமெரிக்க அரசு 1957-ல் 'எனோவிட்' மாத்திரையை அதற்காகத்தான் அனுமதித்தது. கர்ப்பத்தடைக்கு அனுமதி கிடைத்தது 1960-ல். அட்டையின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

எப்போது டாக்டரிடம் போவது?

ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை எண்ண வேண்டும். 21 முதல் 35 நாள் வரை இயல்பு. வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 45 நாள் வரைகூடப் போகலாம். 90 நாள் தாண்டினாலும், போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், இடையில் உதிரம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். முழுதும் நின்று ஓராண்டு கழித்து மறுபடி பட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

காரணம் பல. மணமானவர்களுக்கு முதலில் கர்ப்பமா என்று பார்ப்பார்கள். தைராய்டு கோளாறு, எடை திடீரென்று ஏறுவது, இறங்குவது, மனக்கவலை ஆகியவையும் காரணமாகலாம். 1935-ல் சிகாகோ டாக்டர்கள் ஸ்டீன், லெவந்தால் இருவரும் விவரித்த சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, அதாவது இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் 'பி.சி.ஓ.எஸ்.', இன்னொன்று.

மாத்திரை என்ன செய்கிறது?

அரசு இலவசமாகத் தரும் 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரைகள். 21-ல் ஹார்மோன், மீதி 7-ல் வெறும் இரும்புச்சத்து. ஹார்மோன் நின்ற அந்த ஏழு நாளில் உதிரம் படுகிறது. மருந்தை நிறுத்தியதால் வரும் போக்கு இது. உடல் தானாகச் சீரடைந்ததற்கு அடையாளமல்ல. "மாதாமாதம் சரியாக வருகிறதே, நோய் தீர்ந்தது" என்று இருந்துவிட்டால், தைராய்டு கோளாறு உள்ளவருக்கு அது உள்ளேயே இருந்துகொண்டிருக்கும். காரணம் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையை மாத்திரை ஈடுசெய்யாது.

அதற்காக மாத்திரை வீண் என்றும் சொல்லக் கூடாது. நீர்க்கட்டிக் கோளாறில் மாதக்கணக்கில் போக்கு இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் போகும். அதை மாத்திரை தடுக்கிறது. முகப்பருவும் வேண்டாத முடியும் குறைகின்றன. எடை கூடியவர்கள் அதில் நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு தானாகச் சீராகிறது. "பின்னால் குழந்தை பிறக்காது" என்ற பயத்துக்கு ஆதாரமில்லை.

சில எச்சரிக்கைகள்

புகைபிடிக்கும் 35 வயது தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், ரத்தக்கட்டி, ஈரல் நோய், மார்பகப் புற்றுநோய், கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் ஆகியோர் இவ்வகை மாத்திரையைத் தாமாக எடுக்கக் கூடாது. மாத்திரை எடுக்கும்போது கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு திணறினால், நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கல்யாணம், கோயில் யாத்திரை, பூஜை என்று 'தள்ளிப்போட' நாம் வாங்கும் மாத்திரையும் ஹார்மோன்தான். பக்கத்து வீட்டு மாமி சொன்னார் என்று வாங்காதீர்கள்.

லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்து 1991-ல் விற்பனைக்கு வந்த 'சஹேலி' ஹார்மோன் இல்லாத கர்ப்பத்தடை மாத்திரை. அரசு அதை 'சாயா' என்ற பெயரில் தருகிறது. அதிலும் சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் 'அந்தரா' ஊசியில் போக்கு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் கலங்க வேண்டியதில்லை.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

நமக்கு அருகிலேயே ஹாஜ்ராவில் சித்தரஞ்சன் சேவா சதன் இருக்கிறது. சரத் போஸ் சாலையில், 'சிசுமங்கல்' என்று பழையவர்கள் சொல்லும் ராமகிருஷ்ண மிஷன் சேவா பிரதிஷ்டானும் இருக்கிறது. 'தூரம்', 'வீட்டுக்கு விலக்கு' என்று நாம் மறைத்துப் பேசுவது வங்காளி டாக்டருக்குப் புரியாது. 'மாசிக்' என்ற ஒரு சொல் போதும். ஆறு மாதத் தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். மகளையே பேச விடுங்கள். "இது எதற்கு? எத்தனை மாதம்? நிறுத்தினால் என்ன ஆகும்?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.