ராத்திரிச் சாப்பாடு: செலவைக் குறைப்போம், நம்ம தட்டைக் குறைக்க வேண்டாம்



கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல், உள்கடன் எல்லாம் எழுதி முடித்த பிறகு, "நேத்து ராத்திரி உங்க வீட்டுல என்ன சாப்பாடு?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். "அவருக்குத் தோசை ஊத்துனேன்", "பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிக் குடுத்தேன்", "அத்தைக்குக் கஞ்சி" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "சரிக்கா, நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டதும் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு அக்கா சிரித்துக்கொண்டே, "மிஞ்சுனத" என்றார். பக்கத்தில் இருந்தவர், "எனக்கு மிஞ்சவும் இல்ல. டீயக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன்" என்றார். அவர் காலை எட்டு மணிக்குத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புகிறவர்.

கையில் காசு இறுகும்போது நாம் முதலில் குறைப்பது பிள்ளைகள் தட்டையோ வீட்டுக்காரர் தட்டையோ இல்லை, நம்ம தட்டைத்தான். அதனால்தான் குறைந்த செலவில் ராத்திரிச் சமையல் செய்வது பற்றி இந்த இதழில் எழுதலாம் என்று நினைத்தேன். நான் சொல்லும் சிக்கனத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. சமைத்தவரும் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் மிச்சம் பிடித்த பணம் பிறகு ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்று அர்த்தம். படி ஏறினால் மூச்சு வாங்குவது, சும்மா இருக்கும்போதே அசதி, தலை கிறுகிறுப்பு, இதெல்லாம் "வேலை ஜாஸ்தி, அதான்" என்று நாம் தள்ளிவிடுகிற விஷயங்கள். ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் மாத்திரையும் வேண்டும், சாப்பாடும் வேண்டும். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று ஆகாது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சமூகப்பணி படித்துவிட்டு வேலைக்கு வந்த புதிதில், சரிவிகித உணவு என்று ஒரு சார்ட் எழுதி மாட்டி வகுப்பு எடுத்தேன். அதில் ஆப்பிள் இருந்தது, பாலாடைக்கட்டி இருந்தது. பாலாடைக்கட்டி என்றால் என்ன என்று ஒரு பாட்டி கேட்டார். விளக்கினேன். "ஏம்மா, பாலு டிப்போவுக்குப் போவுது, கட்டி எங்க இருந்து வரும்?" என்றார். கூட்டமே சிரித்தது. அன்றைக்கு அந்த சார்ட்டைச் சுருட்டி வைத்தேன், பிறகு விரிக்கவில்லை. இப்போது சொல்லப் போவதெல்லாம் நம்ம கரிசல் காட்டில் விளைகிறதும் நம்ம ரேஷன் கடையில் கிடைக்கிறதும்தான்.

முதலில் காசு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு சாயங்காலம் நாலு மணியிலிருந்து ராத்திரி படுக்கும் வரை தின்பதற்காகச் செலவாகும் காசை மட்டும் பிள்ளையின் பழைய நோட்டில் எழுதிப் பாருங்கள். பஜ்ஜி, முறுக்குப் பாக்கெட், மாவுப் பாக்கெட், பத்து ரூபாய் மசாலா, பரோட்டாப் பார்சல் எல்லாமே. வாரத்துக்கு இரண்டு நாள் பரோட்டா, அஞ்சு பேருக்கு ஆளுக்கு இரண்டு, ஒன்று 15 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 150, வாரத்துக்கு 300, மாதத்துக்கு 1200 ரூபாய். இதைக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, ஒரு தங்கச்சி "இது என் கடன் தவணைல்ல!" என்றார். பரோட்டா வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு மணி நேரம் குச்சி அடுக்கிவிட்டு வருகிற கைக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? மாதத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ, சம்பள நாளில் வாங்குங்கள். அலுப்பில் வாங்குவதுதான் கணக்கில் வராமல் போகிறது.

மசாலாப் பாக்கெட்டின் பின்பக்கம் எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கும். அதை வைத்து ஒரு கிலோவுக்கு என்ன விலை ஆகிறது என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் திரித்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது ரேஷன். அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் பருப்பு ஒன்றிலேயே எவ்வளவு மிச்சம் பாருங்கள். ஆனாலும் வேலை நாளில் வரிசையில் நிற்க முடியாமல் பருப்பை விட்டுவிடுகிறோம். ஒரே தெருவில் இருக்கும் நாலு உறுப்பினர்கள் பேசி வைத்துக்கொண்டு, சரக்கு வந்த அன்றைக்கே ஒருவருக்கொருவர் தகவல் சொன்னால் அந்த நஷ்டம் வராது. ரேஷன் அரிசி நல்லா இல்லை என்று அதைக் கொடுத்துவிட்டுக் கடை அரிசி வாங்குகிறவர்களும் உண்டு. நாலு தண்ணீர் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துப் பாருங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் இட்லிக்கு ஊறப்போடுங்கள்.

2023 ஏப்ரலில் இருந்து தமிழ்நாடு முழுவதும் ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் இரும்புச்சத்து சேர்த்த மணிகள் அதில் கலந்திருக்கும். பார்க்கக் கொஞ்சம் வேறு மாதிரி இருப்பதால் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்தவர்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த மணி வந்தால் எறிய வேண்டாம். அதுவும் அரிசி மாவில் செய்ததுதான்.

இனி அடுப்படிக்கு வருவோம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் அளவை மட்டும் எழுதுகிறேன், அஞ்சு பேருக்கு.

ராத்திரிக்கு நம்ம வீடுகளில் அதிகம் நடப்பது ரசமும் சோறும், இல்லாவிட்டால் தோசை. இரண்டிலும் வயிறு நிறையும், ஆனால் உடம்பு கட்டுவதற்கான புரதச்சத்து போதாது. அரிசியோடு பருப்பும் பயறும் சேர்ந்தால்தான் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். அதனால் ரசம் வைக்கும் நாளில் கொள்ளு ரசம் வையுங்கள். ஒரு டம்ளர் கொள்ளை வறுத்து, குக்கரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ரசம். வெந்த கொள்ளைத் தூர ஒதுக்காமல் பாதியை அரைத்து ரசத்தில் கரையுங்கள், மீதியை வெங்காயம் மிளகாய் போட்டுத் தாளித்துத் தொட்டுக்கொள்ளுங்கள். கொள்ளு மாட்டுக்குத்தான் என்று முகம் சுளிக்கும் பிள்ளைகளும் தாளிப்பு வாசத்துக்கு வந்து நிற்பார்கள்.

தோசைக்கு மாவுப் பாக்கெட் வாங்குவதை நிறுத்தினாலே பாதி வெற்றி. 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த கிரைண்டர் எத்தனையோ வீட்டில் இன்னும் பரணில் இருக்கிறது. இரண்டு டம்ளர் ரேஷன் புழுங்கலரிசி, இரண்டு டம்ளர் கம்பு, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஆட்டி வைத்தால் இரண்டு ராத்திரிக்கு வரும். இதற்குத் தேங்காய்ச் சட்னி வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேங்காய் விலை ஏறிக் கிடக்கும்போது ஒரு கை நிலக்கடலையை வறுத்து, புளி, வற்றல் வைத்து அரைத்தால் அதை விட ருசியாகவே இருக்கும். புரதமும் அதில் அதிகம்.

உளுந்தஞ்சோறு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நான்தான் உங்களிடம் கற்றுக்கொண்டேன். இருந்தாலும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்காக எழுதுகிறேன். தோலோடு உடைத்த கருப்பு உளுந்து முக்கால் டம்ளர் லேசாக வறுத்து, இரண்டரை டம்ளர் அரிசியோடு சேர்த்துக் கழுவி, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கால் மூடித் தேங்காய்த் துருவல், உப்பு போட்டு, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துக் குக்கரில் வேகவிடுங்கள். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, கேஸும் மிச்சம். எள்ளுத் துவையலோ மதியம் வைத்த குழம்போ இருந்தால் போதும். வயசுக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுக்கிறோமே, நமக்கும் இடுப்பு என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

தட்டப்பயறுக் குழம்புக்குக் காலையில் ஊறப்போட மறந்துவிட்டால் கவலை வேண்டாம். வாசம் வரும்வரை வறுத்துக் குக்கரில் போட்டால் வெந்துவிடும். ஒரு டம்ளர் பயறு, நாலு கத்திரிக்காய், நெல்லிக்காய் அளவு புளி. காய் விலை ஏறிய வாரத்தில் வாழைப்பூவோ பூசணிக்காயோ போடலாம். கருவாடு சாப்பிடுகிறவர்கள் நெத்திலி ஒரு கை போட்டால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.

முருங்கைக்கீரைக்குக் காசே இல்லை, வேலியில் நிற்கிறது. ஆய்வதற்குத்தான் ஆள் வேண்டும். சாயங்காலம் டிவி பார்க்கும்போது வீட்டுக்காரர், பிள்ளைகள் கையிலும் ஒரு கொத்தைக் கொடுங்கள். மூன்று முட்டையை உடைத்து ஊற்றி நிறையக் கீரையோடு கிளறினால் அஞ்சு பேருக்கும் முட்டை வந்துவிடும். ராத்திரியில் கீரை ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இதற்காக நான் சண்டை போட மாட்டேன். கீரை தின்ற உடனே படுத்தால் சிலருக்கு வயிறு மந்தமாகத்தான் இருக்கும். ஏழு மணிக்கே சாப்பிட முடிந்தால் ராத்திரிக்கு வையுங்கள், முடியாவிட்டால் மதியத்துக்கு மாற்றிவிட்டு ராத்திரிக்குப் பயறு வையுங்கள். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு செய்தும் கடைசியில் சட்டியைச் சுரண்டுவது நாம்தான் என்றால் என்ன பயன்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மதியம் முட்டை கிடைக்கிறது. அம்மாவுக்கு யார் கொடுப்பது? இதைப் பேசியபோது, டீ குடித்துப் படுத்த அந்த அக்காவே ஒரு வழி சொன்னார். "எல்லாரோடயும் உக்காந்து தின்னுன்னா எங்க வீட்ல நடக்காது. ஆனா இறக்கி வச்ச உடனே என் பங்க ஒரு தூக்குச்சட்டில போட்டு மூடி வச்சிரலாம்ல?" அந்தக் குழுவில் அதையே தீர்மானமாக மினிட் நோட்டில் எழுதினார்கள். கடன் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போடுவது போல எல்லோரும் போட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் செய்கிறார்கள். ஒருவர் வீட்டில் மாமியார் கோபித்துக்கொண்டாராம், அவருக்கும் சேர்த்து இன்னொரு தூக்குச்சட்டியில் எடுத்து வைத்ததும் பேச்சு நின்றுவிட்டதாம்.

குழுவாகச் சேர்ந்து செய்யக்கூடிய இன்னொன்று, மொத்தமாகச் சாமான் வாங்குவது. மாசி, பங்குனியில் புதுப் புளியும் வற்றலும் சந்தைக்கு வரும். அப்போது உள்கடனில் இருந்து பணம் எடுத்து, மூன்று பேர் போய், நிறுவை பார்த்து வாங்கி, ரசீதை நோட்டில் ஒட்டிப் பங்கு வையுங்கள். வற்றல் ஈரமாக இருந்தால் வாங்காதீர்கள். எடையிலும் நஷ்டம், பூஞ்சையும் பிடிக்கும். புளியைக் கொட்டை எடுத்து, உப்புத் தூவி, வெயிலில் காயவைத்துப் பானையில் அடைத்தால் வருஷத்துக்கும் இருக்கும். பங்கு வைக்கும்போது தராசில் வையுங்கள். ஒரு குழுவில் கண் அளவில் வைத்து வந்த சண்டையைத் தீர்க்க எனக்கு இரண்டு கூட்டம் ஆனது.

இந்த வருஷம் புளி வேண்டியவர்கள், எத்தனை கிலோ என்று எழுதி உங்கள் குழுப் பிரதிநிதியிடம் தை மாதக் கூட்டத்துக்குள் பெயர் கொடுங்கள். ஒரு வாரச் செலவு எழுதிய நோட்டையும் அன்றைக்கே எடுத்து வாருங்கள், உட்கார்ந்து கூட்டிப் பார்க்கலாம்.