நெற்றிமேல் ஏறிய பொன்

பேராக் சுல்தானின் முடிசூட்டு விழா என்று நாம் தமிழில் எழுதுவது வழக்கமாயினும், மலாக்காவின் கடைசிச் சுல்தானுடைய புதல்வர் முஸபர் ஷா 1528-ஆம் ஆண்டில் நிறுவிய அந்த ராஜவம்சத்தில் அரசரின் சிரசை அலங்கரிப்பது மகுடமன்று, மடித்துக் கட்டிய 'தெங்கோலோக்' என்னும் தலைப்பாகையே. பொன்னெல்லாம் மற்ற அங்கங்களில்: இடையிலே 'பெண்டிங்', புயத்திலே நாக வடிவான 'பொந்தோ'. நம் ஒட்டியாணத்துக்கும் வங்கிக்கும் அவை பங்காளிகள்.

பேரரசியின் சிரோபூஷணம் வேறு. 1989 முதல் 1994 வரை பேராக்கின் சுல்தான் அஸ்லான் ஷா மலேசியாவின் பேரரசராயிருந்தபோது அவருடைய துணைவியார் துவாங்கு பைனூன் தரித்த 'கெண்டிக்', பிளாட்டினத்தில் வைரம் இழைத்த அணி. உருவம் ஐரோப்பிய ராணிகளின் டியாராவைத் தழுவியது. பெயரோ மலாய் மணமகள் நெற்றியில் கட்டும் பொற்பட்டத்தின் பெயர். நம் முன்னோரும் நெற்றியில் பட்டம் கட்டித்தான் அரசரை அரியணை ஏற்றினார்கள். மகுடத்தை 'மக்கோத்தா' என்றும், ராணியை, பரமேஸ்வரியிலிருந்து பிறந்த 'பெர்மைசூரி' என்றும் மலாய்மொழி சொல்லுகையில் எனக்கு உள்ளம் பூரிக்கிறது.

இக்காலத்து ஐரோப்பாவில் இத்தகைய அணியைக் கலைஞனின் சிருஷ்டியாகவே போற்றுகிறார்கள். 2012-இல் டென்மார்க் ராணி மார்கரெத்தே அரியணையேறி நாற்பதாண்டு நிறைந்தபோது, கிரீன்லாந்து மக்கள் தம் மண்ணின் பொன்னால் செய்தளித்த 'நாசுத்' டியாராவை உருவாக்கியவர் நிக்கோலாய் அப்பெல்; அச்சொல்லுக்கு அவர்கள் மொழியில் மலர்கள் என்று பொருள். 1969-இல் இளவரசர் சார்ல்ஸுக்கு லூயிஸ் ஆஸ்மன் செய்த மகுடத்தின் உச்சியிலுள்ள உருண்டை, பொன்முலாம் பூசிய மேஜைப்பந்து! எளிய பொருளை ராஜசின்னமாக உயர்த்திய அந்தத் துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன்.

பேராக்கின் பழைய பொந்தோவைச் செய்த கை யாருடையது? மலாய்ப் பொற்கொல்லர் பொன்னை நிறுக்கச் 'சாகா' என்னும் மஞ்சாடி விதையையும், நம் பத்தர்கள் குன்றிமணியையும் வைத்த அந்நாளில் பெயரெழுதும் வழக்கமில்லை. ரப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து, பால்மரம் வெட்டிச் சேர்த்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு என் தாயார் தோடு செய்விக்க ஈப்போவுக்கு வந்தபோது, பத்தர் உமியோட்டின் முன் குனிந்து, பொடிவைத்து, ஊதுகுழலால் தீயின் நாக்கை நூல்போல் நீட்டி, ஒட்டுவாயில் பொன் பளிச்சென்று ஓடியதும் சட்டென நிறுத்தியதை அருகில் நின்று பார்த்தேன். அந்தத் தோட்டின் பின்புறத்தில் பிறைபோல் ஒரு சிறு கீறல் உண்டு. அதுதான் பத்தருடைய கையெழுத்து என்பார் தாயார்.