பொப்பிசையில் நம் பேச்சு

ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைப் போலவே அலுமாரி, சாவி, மேசை என்ற சொற்களும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. பைலாத் தாளமும் அவர்கள் வழி வந்ததே. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் அத்தாளத்தில், கிற்றாரோடு, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைப் பாடத் தொடங்கினார். ‘சின்ன மாமியே’ முற்றத்து உரையாடலையே பாட்டாக்கியது. ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய, சிங்களமும் தமிழும் கலந்த ‘சுராங்கனி’ 1977இல் இளையராஜா இசையில் தமிழகத் திரைக்கும் சென்றது. கிற்றார் ஓசை திரை வாத்தியக் குழுவுக்குள் கலந்தது.

பொப்பிசையைக் கொச்சை என்று ஒதுக்கியோர் உளர். ஆனால், மாமி ஒரு நாட்டிலும் மருமகன் இன்னொரு நாட்டிலுமாய்ச் சிதறிய இன்று, அந்த முற்றத்துப் பேச்சு இப்பாடல்களில் உயிரோடிருக்கிறது. கொச்சை என்று தள்ளினால் இழப்பது பாட்டை மட்டுமன்று.