பழைய காரின் காபரேட்டர்: பழுது பார்ப்போம், திருத்துவோம்

மொரிஸ் மைனர் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் நம்ம மலையகப் பாதைகளில் அது இன்னும் ஓடுகிறது. நடுச்சாமத்தில் ஒரு தாய்க்கு வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட இப்படி ஒரு பழைய கார்தான் கைகொடுக்கும். அது மேட்டில் இழுக்காமல் நின்றால், "காபரேட்டர் போச்சு, புதுசு போடு" என்பார்கள். காசைக் கொட்டுமுன் இதைக் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள்.

அது என்ன செய்கிறது?

அடுப்புக்கு விறகும் காற்றும் அளவாக வேண்டும். எஞ்சினுக்குப் பெற்றோலும் காற்றும் அப்படித்தான். இந்தக் காரில் இருப்பது எஸ்.யூ. காபரேட்டர். எஞ்சின் காற்றை இழுக்கும்போது உள்ளே ஒரு பிஸ்டன் மேலே எழும்பும். அதன் அடியில் உள்ள கூர் ஊசி ஜெட்டிலிருந்து மேலே வரும். ஊசி எழும்ப எழும்ப வழி அகலமாகி, பெற்றோல் கூடுதலாக வரும்.

முதலில் பிளக்கைப் பாருங்கள்

காபரேட்டரைத் தொடுமுன் பிளக்கையும் பொயின்ட்டையும் பார்க்க வேண்டும். பொயின்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்துக்கு 15, பிளக் இடைவெளி 25. பிளக் நுனி இளம் காப்பி நிறமென்றால் நல்லது. கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூடுதல். வெளுத்திருந்தால் குறைவு.

பழுதும் மருந்தும்

1. பெற்றோல் வழிகிறதா? மிதவைக் கிண்ணத்தின் ஊசியில் தூசு இருக்கும். மிதவையைக் குலுக்குங்கள், உள்ளே பெற்றோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை.

2. இழுவை இல்லையா? பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். "டக்" என்று கீழே விழ வேண்டும். சிக்கினால் மேல்மூடியை அடையாளம் போட்டுக் கழற்றி, இரண்டையும் பெற்றோலில் கழுவித் துடையுங்கள். மணல் தாள் போடவே கூடாது.

3. கறுப்புப் புகையா? சோக்கை உள்ளே தள்ளியபின் ஜெட் மேலே திரும்பி வந்ததா என்று பாருங்கள்.

4. அக்சிலரேட்டரை மிதித்ததும் திணறுகிறதா? பிஸ்டன் தண்டுக்குள் மெல்லிய ஒயில் இருக்கிறதா என்று மேல் தொப்பியைத் திறந்து பாருங்கள்.

திருத்தும் முறை

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். காபரேட்டர் பக்கத்தில் உள்ள சின்னப் பின்னால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூடுதல். ஜெட் நட்டை மேலே ஏற்றுங்கள். உடனே எஞ்சின் தளர்ந்தால் பெற்றோல் குறைவு. நட்டைக் கீழே இறக்குங்கள். லேசாகக் கூடி உடனே பழையபடி வந்தால் சரி. ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பட்டை மட்டும் திருப்புங்கள். எல்லாம் குழம்பிவிட்டால் நட்டை முழுக்க மேலே ஏற்றி, இரண்டு சுற்று, அதாவது 12 பட்டை, இறக்கி மறுபடி தொடங்கலாம்.

மலைநாட்டுக்கு ஒரு சேதி: நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் திருத்திய கார் இங்கே கரி கக்குவது அதனால்தான். கார் வழக்கமாக ஓடும் இடத்திலேயே திருத்துவது நல்லது.

உயிருக்கு ஆபத்து

குழாய் வைத்து வாயால் பெற்றோல் உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வேலை நடக்கும் இடத்தில் பீடியும் குப்பி விளக்கும் வேண்டாம். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லயத்து அறையில் போத்தலில் பெற்றோல் வைத்தால் பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள்.

வீட்டில் வேலை கற்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால், அடுத்த முறை பக்கத்தில் நிற்க வையுங்கள். மகனானாலும் மகளானாலும் இது கைத்தொழில். ஒருநாள் சோறு போடும்.