வேகாத செங்கல்லுக்கும் வேலை உண்டு

அச்சில் ஊற்றிய பொம்மை சூளைக்குப் போகும் முன் உடைந்தால் விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் யாரும் கவலைப்படுவதில்லை. தண்ணீர் விட்டுக் கரைத்தால் பழையபடி களிக்கூழ் ஆகிவிடும். சூளையிலிருந்து இறக்கும்போது விரிசல் கண்டால்தான் நஷ்டம். நெருப்பைக் கண்ட மண் மறுபடி குழையாது. மூக்குடைந்த பியூஸ் கேரியர், கைப்பிடி போன ஜாடி எல்லாம் ஒதுக்குப்புறத்துக்குப் போய்விடும். செங்கல் காளவாயிலும் இதே நிலைதான். நல்ல அரைக்கல் செங்கல் ஜல்லியாகி மொட்டைமாடித் தளத்துக்கு ஏறும். மற்றது பள்ளம் நிரப்பப் போகும்.

இந்தக் கழிவை மாவாக அரைத்து, காரக் கரைசலில் குழைத்து, சிமென்ட் ஒரு பிடிகூடச் சேர்க்காமல் கல்லாக இறுக வைக்க முடியும். அப்படிக் கிடைக்கும் பொருள்தான் ஜியோபாலிமர். 1950களில் கீவ் நகரில் குளுக்கோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி இந்த வழியில் ஆய்வு செய்தார். 1970களின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ் இந்தப் பெயரைச் சூட்டினார். நம் ஊர்க் கொத்தனார்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். செங்கல் தூளான சுர்க்கியைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் நிற்கிறது. சுண்ணாம்பு மெதுவாகச் செய்யும் வேலையைக் காஸ்டிக் சோடா முரட்டுத்தனமாகவும் வேகமாகவும் செய்கிறது.

செங்கல் தூளுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது? களிமண்ணில் சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஏடு ஏடாக அடுக்கியிருக்கும்; ஏடுகளுக்குள் நீர்க்கூறு பிணைந்திருக்கும். 600 முதல் 800 டிகிரி வெப்பத்தில் அந்த நீர் வெளியேற, அடுக்கு குலைந்துவிடும். ஒழுங்கு கெட்ட அணுக்கள் வேறு பிணைப்புக்குக் காத்திருக்கும். காரம் பட்டதும் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, முப்பரிமாண வலையாக மறுபடி கோத்துக்கொள்கின்றன. அலுமினியம் வருமிடத்தில் ஏற்படும் மின்சுமைக் குறையைச் சோடியம் ஈடுகட்டுகிறது.

இன்னும் சூடேற்றினால் கதை மாறிவிடும். ஆயிரம் டிகிரியைத் தொடும்போது அணுக்கள் மறுபடி ஒழுங்குக்கு வந்து, முல்லைட் போன்ற படிகங்களாக மாறத் தொடங்கிவிடும். அவற்றைக் காரம் எளிதில் அசைக்காது. ஆகவே சூளைக்காரர் திட்டிக்கொண்டே ஒதுக்கும் சரியாக வேகாத கல்தான் வேதியியலாளருக்குப் பிடித்த கல். 1,200 டிகிரிக்கு மேல் வெந்த மின்காப்பான் சில்லு, அதன் பெருமைக்குரிய உறுதி காரணமாகவே, இங்கே மணலாக மட்டும் பயன்படும். இரண்டையும் ஒரே குவியலில் கொட்டி ‘செராமிக் கழிவு’ என்று பெயர் வைப்பது பெரிய தவறு. பிரித்து வைப்பதில்தான் பாதி வெற்றி.

விருத்தாசலத்தை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செங்கல் தூளை 75 மைக்ரானுக்கும் நுண்மையாக அரைக்க பால் மில் வேண்டும். அது செராமிக் பட்டறையின் அன்றாடக் கருவி. ஜியோபாலிமருக்கு வேண்டிய இன்னொரு சரக்கு சோடியம் சிலிகேட். களிக்கூழ் கட்டியாகாமல் பிளாஸ்டர் அச்சுக்குள் வழுக்கி ஓட பொம்மைக்காரர்கள் துளி சேர்ப்பதும் அதைத்தான். துளியாக இருந்தது இங்கே வாளிக் கணக்காகும், அவ்வளவுதான். செங்கல் தூள் மட்டும் போட்டால் சாதாரண வெப்பநிலையில் இறுக நாளாகும். 60 முதல் 80 டிகிரியில் ஒரு நாள் வைப்பது வழக்கம். சூளையிலிருந்து வீணாகும் அனலை அதற்குத் திருப்பிவிடலாம். இல்லையேல், பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. அங்குள்ள பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது கலவையைச் சீக்கிரம் இறுக்கும். சில சமயம், வேலை முடியும் முன்பே இறுகிப்போகும் அளவுக்கு.

சிமென்டை ஏன் தவிர்க்க வேண்டும்? விருத்தாசலத்தில் திருச்சி ரயிலில் ஏறினால் வழியில் அரியலூர். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளுமாக உள்ள வட்டாரம் அது. தூய சுண்ணாம்புக்கல் 1,000 கிலோவைச் சுட்டால் 440 கிலோ கரியமில வாயு கல்லிலிருந்தே வெளியேறும். 1,450 டிகிரி எட்ட எரிக்கும் எரிபொருளின் புகை தனிக் கணக்கு. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்டின் பங்கு. உடைந்த செங்கல்லுக்கோ விறகும் நிலக்கரியும் ஏற்கெனவே செலவாகிவிட்டன.

அதற்காக ஜியோபாலிமரைப் புகையில்லாப் பொருள் என்று விற்பவரை நம்ப வேண்டாம். காஸ்டிக் சோடா உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி எடுப்பது. மின்சாரத்தை நிறைய விழுங்கும். தூளும் கழிவும் மலிவு, காரம்தான் விலை. அளவு கூடினால் மிச்சச் சோடியம் மேலே வந்து உப்புப் பூக்கும். வெள்ளைப் படலம் கண்ட கல்லை எந்த மேஸ்திரியும் வாங்க மாட்டார். கரைசல் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சித்தாளை இதில் இறக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் 2014-இல் திறந்த வெல்கேம்ப் விமான நிலையத்தின் தளத்திலேயே ஜியோபாலிமர் கான்கிரீட் இருக்கிறது. அது சாம்பலும் உலைக் கசடும் சேர்ந்தது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் (எஸ்.இ.ஆர்.சி.) நெடுநாளாக இதில் உழைக்கிறது. காரம் ஊட்டிய கான்கிரீட்டில் முன்வார்ப்புப் பொருள்கள் செய்ய 2020-இல் இந்தியத் தர வழிகாட்டியும் வந்துவிட்டது. வீட்டுத் தூணுக்கும் உத்தரத்துக்கும் இப்போதே போக வேண்டியதில்லை. சாதாரணச் செங்கல்லுக்குத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச வலிமை 3.5 மெகாபாஸ்கல்தான், ஆய்வகத்தில் செங்கல் தூள் கலவை அதைப் பல மடங்கு தாண்டுகிறது. கம்பி வேண்டாத சுவர்க்கல், நடைபாதைக் கல் ஆகியவற்றில் தொடங்கலாம். முதல் மழைக்காலம் முடிந்ததும் உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கலவையில் காரத்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யலாம்.