தெரிந்தும் தவறுவது ஏன்?

தீங்கு என்று நன்றாகத் தெரிந்த ஒன்றையே மனிதன் திரும்பத் திரும்பச் செய்கிறானே, அது ஏன்? மருத்துவர் எச்சரித்த பிறகும் சிகரெட்டைக் கையில் எடுக்கும் தந்தையைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கும் இக்கேள்வியை, ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஏதென்ஸ் நகரத்து அறிஞர்கள் கேட்டுவிட்டனர். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'அக்ரேசியா'. தன்னைத் தன் பிடிக்குள் வைத்திருக்க இயலாத நிலை, அதாவது மனவுறுதியின்மை எனலாம்.

கி.மு. 399-இல் மரண தண்டனைக்கு ஆளான சாக்ரடீஸோ, அப்படியொரு நிலையே கிடையாது என்று வாதிட்டவர். அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய 'புரோட்டகோரஸ்' உரையாடலில் அந்த வாதம் வருகிறது. தொலைவில் இருக்கும் பொருள் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றுவதுபோல், நாளை வரவிருக்கும் துன்பமும் சிறிதாகவே தோன்றுகிறது. அருகில் இருக்கும் இன்பம் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே குறைபாடு அளந்து பார்க்கும் அறிவில்தான். நல்லதை உண்மையில் அறிந்தவன் தவறமாட்டான் என்பது அவர் முடிவு.

கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், தவறியவர் எல்லாரும் அறியாதவர் என்றால் யாரைத்தான் குறை கூறுவது?

பிளேட்டோவே 'குடியரசு' நூலில் வேறு வழியில் சென்றார். லியோன்டியஸ் என்பவன் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நகருக்கு நடந்து வரும்போது, தண்டிக்கப்பட்டவர்களின் பிணங்கள் கிடப்பதைக் காண்கிறான். பார்க்கவும் ஆசை, அருவருப்பும் கூடவே. முகத்தை மூடிக்கொண்டு போராடியவன், கடைசியில் தன் கண்களையே திட்டியபடி ஓடிச்சென்று பார்த்துவிடுகிறான். (சாலை விபத்தைக் கண்டு வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்ப்பவர்கள் நெடுஞ்சாலைகளில் இன்றும் உண்டுதானே!) அறிவு, வீறு, ஆசை என உள்ளம் மூன்று பகுதிகளைக் கொண்டது, அவை ஒன்றோடொன்று மோதக்கூடியவை என்பதை விளக்கவே இந்தக் கதை.

இவர்களுக்குப் பின் வந்த அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322) சொன்னதுதான் நடைமுறைக்கு மிக நெருக்கமானது. அறிவு இருப்பது வேறு, அது அந்த நொடியில் விழித்திருப்பது வேறு என்கிறார் அவர், 'நிக்கோமாக்கிய அறவியல்' ஏழாம் புத்தகத்தில். போதையில் இருப்பவன் எம்பிடோகிளிஸின் செய்யுளைத் தடையின்றி ஒப்பிப்பான். பொருள் மனத்தில் இராது. ஆசையின் பிடியில் இருப்பவன், "இது தப்பு, தெரியும்" என்று சொல்வதும் அப்படித்தான். புதிதாகப் படிக்கும் மாணவன் வாசகங்களைக் கோத்துச் சொல்லிவிடுவான். அவை அவனோடு ஒன்றிப்போகக் காலம் பிடிக்கும்.

அதற்காக அவர் இவர்களைத் தீயவர்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. மனவுறுதி இல்லாதவன், நல்ல சட்டங்களை இயற்றிவிட்டுப் பின்பற்றாத நகரத்தைப் போன்றவன். தீயவனோ கெட்ட சட்டங்களைப் பின்பற்றும் நகரம். முன்னவன் செய்ததற்கு வருந்துவான், ஆகையால் திருந்த வழியுண்டு. பின்னவனுக்கு வருத்தமே கிடையாது.

அப்படியானால், ஆசை அடங்கியதும் மங்கிய அறிவு திரும்புவது எப்படி? போதை தெளிவதும் உறக்கம் கலைவதும் எப்படியோ அப்படியே, விளக்கத்தை இயற்கையை ஆராய்பவர்களிடம் கேளுங்கள் என்று அரிஸ்டாட்டில் விட்டுவிட்டார்.